மோந்து பார்க்கும் வேலை

எனக்கு எழுத்து ஒழுங்காக வராது. புனேயில் கட்கி என்கிற இடத்தில் ஆலைக்காரர்களின் பிள்ளைகளுக்கென்று நடந்த தமிழ்ப் பள்ளியில் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். மறதியும் சேர்ந்துகொண்டது. ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் இன்னொன்று குறுக்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த ஊர்த் தமிழர்கள் செய்த வேலைகளைப் பற்றிப் புத்தகம் போடுகிறார்கள், நீயும் எழுதிக் கொடு என்று மகள் சொன்னாள்.

"நான் இன்னாடி எழுதறது? பாட்டில் மோந்தேன்னா?" என்றேன்.

"அதையே எழுதும்மா" என்றாள்.

நான் பீர் கம்பெனியில் வேலை செய்தவள். முன்பெல்லாம் இதைச் சொல்ல வாய் வராது. ஆற்காட்டுப் பக்கத்துச் சொந்தக்காரர்களிடம் 'பாட்டில் கம்பெனி' என்று சொல்லி வைத்திருந்தோம். மருந்து பாட்டில் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். நாங்களும் திருத்தவில்லை.

கம்பெனி ஊருக்கு வெளியே இருந்தது. காலையில் கம்பெனி பஸ் கட்கி பஜார் முனையில் வந்து நிற்கும். என் வீட்டுக்காரர் தோட்டா ஃபேக்டரிக்கு சைக்கிளில் போவார், நான் பஸ் ஏறுவேன். பீர் பாட்டில் ஒரு தடவை குடித்ததோடு முடிந்துவிடாது. பழைய சாமான் வாங்குகிற பங்கார்வாலா வீடு வீடாகப் போய் காலிப் பாட்டில்களைச் சேர்த்துச் சாக்கில் கட்டி அனுப்புவார். நடுவில் அந்தப் பாட்டில் எந்த வீட்டில் என்னவாக இருந்ததோ, யார் கண்டது? ஒன்றில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்திருப்பார்கள். ஒன்றில் பினாயில். ஒன்றில் பெயின்ட்காரன் தின்னர் வைத்திருப்பான். காஸ்டிக் போட்ட கொதிநீரில் மெஷின் கழுவும்போது அழுக்கு போகும், லேபிள் போகும், உள்ளே செத்துக் கிடக்கிற கரப்பான்பூச்சிகூடப் போகும். மண்ணெண்ணெய் நாற்றம் மட்டும் போகாது. அதனால் கழுவப் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு பாட்டிலையும் ஒரு ஆள் மூக்கில் வைத்துப் பார்த்து அனுப்ப வேண்டும். அந்த ஆட்கள் நாங்கள். ஒரு பெஞ்சில் எட்டுப் பெண்கள்.

அது ஒன்றும் லேசான வேலை இல்லை. முழு மூச்சு இழுக்கக் கூடாது. இழுத்தால் கொஞ்ச நேரத்தில் மூக்கு செத்துவிடும், அப்புறம் சாக்கடையும் சந்தனமும் ஒன்றுதான். அரை மூச்சு, பாட்டில் வாயில் பட்டும் படாமல். நடுநடுவே முழங்கை மடிப்பில் மூக்கை வைத்துச் சொந்த உடம்பை மோந்துகொள்ள வேண்டும். அப்படிச் செய்தால் மூக்கு திரும்பவும் தன் இடத்துக்கு வரும். இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தது பெஞ்சுக்குத் தலைவியாக இருந்த மராட்டிக்காரம்மா. "நிறைஞ்சத மோந்து ஏமாறாத, காலிய மோந்து பாரு" என்று மராட்டியில் சொல்லிக்கொண்டே இருப்பாள். உள்ளே பீர் இருந்தால் பீர் வாசனைதான் முன்னால் வரும், காலியாக இருந்தால்தான் பாத்திரம் உண்மையைச் சொல்லும் என்பது அவள் கணக்கு.

இந்த வேலைக்குப் பூ வைக்கக் கூடாது. தலைக்கு எண்ணெய் கூடாது, பவுடர் கூடாது, வெற்றிலை கூடாது. கேட்டிலேயே மோந்து பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். எங்கள் லைன் வீடுகளில் கல்யாணமான பெண் காலையில் குளித்துப் பூ வைக்காமல் வெளியே போனால் சும்மா விடுவார்களா? எதிர் வீட்டம்மா ஒரு நாள் என் வீட்டுக்காரரிடமே கேட்டுவிட்டாள்.

"இன்னா அண்ணே, நீ குத்துக்கல்லாட்டம் இருக்கசொல்ல உன் பொண்டாட்டி மூளித் தலையோட போறாளே?"

அவர் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "பூ வெச்சா அவளுக்கு வேலை பூடும். அப்பறம் உங்க வூட்ல வந்து குந்திகினு மூணு வேளை துன்னுவா. பரவால்லியாம்மா?"



நான் ஒரு சொட்டு பீர் குடித்ததில்லை. ஆனால் இந்த ஊரில் குடித்த எத்தனையோ பேர் வாயில் மண்ணெண்ணெய் வராமல் இருந்ததற்கு நானும் ஒரு காரணம். இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். அப்புறம் பாட்டில் பார்க்க மெஷின் வந்தது, பெஞ்சை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்காரரும் காலமானார். நான் இதே புனேயில் பாணேர் பக்கம் மகன் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

பாணேர் கட்கி மாதிரி இல்லை. எல்லாம் உயரமான கட்டடம். யார் வீட்டில் என்ன சமையல் என்று மோந்துகூடக் கண்டுபிடிக்க முடியாது, கதவை அப்படி அடைத்து வைப்பார்கள். ஒரு நாள் லிஃப்டில் ஒரு பெண் ஏறினாள். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். அவள் சட்டையிலிருந்து பழைய கம்பெனி வாசனை ஒன்று வந்தது. எனக்கு அந்நியரிடம் பேச வராது. அன்றைக்கு எப்படியோ வாய் தவறி, "பார்லி வேவ வெச்சியாமா?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன்.

அவள் திரும்பிப் பார்த்து, "ஏனுங்கம்மா, எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?" என்றாள்.

கோயம்புத்தூர்க்காரப் பெண். என்ஜினியரிங் படித்துவிட்டு, கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, எங்கள் தெரு முனையில் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் பெரிய ஸ்டீல் டேங்குகள் வைத்து பீர் செய்கிறார்களே, அங்கே பீர் காய்ச்சுகிறாள். இப்போது புனேயில் இப்படிப்பட்ட சின்ன பீர்க் கடைகள் நிறைய வந்துவிட்டன. ஒவ்வொரு கடையும் தன் பீரைத் தானே காய்ச்சும். "எங்கப்பா ஊர்ல கேக்கறவங்ககிட்ட ஃபுட் கம்பெனின்னு சொல்லி வெச்சிருக்காருங்கம்மா" என்றாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பாட்டில் கம்பெனிக் கதையை அவளிடம் சொன்னேன்.

அவள்தான் என்னை வேலைக்குக் கூப்பிட்டாள். காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும் கண்ணாடி கிளாஸ் கழுவித் துடைத்து வைக்க வேண்டும். சோப்பு வாசனையோ துணி வாசனையோ கிளாஸில் ஒட்டினால் பீர் கெட்டது போலத் தெரியும். அதற்கு என் மூக்கு வேண்டுமாம்.

மகன் தலையில் கை வைத்துக்கொண்டான். "அம்மா, என் டீம் மொத்தமும் அங்கதான் வரும். நீ போய் கிளாஸ் கழுவுறியா?"

"அவங்க சாயந்தரம் வருவாங்க, நான் மதியத்துக்குள்ள வந்துடுவேன்" என்றேன்.

அங்கே எல்லாரும் என்னை மாவ்ஷி என்று கூப்பிட்டார்கள். மராட்டியில் சித்தி, பெரியம்மா. முதலாளிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும், இந்த ஊர்க்காரர், வாயைத் திறந்தால் கேலி. அந்த வருஷம் அந்தப் பெண் முதல் முறையாகத் தன் யோசனையில் ஒரு பீர் செய்தாள். இந்தப் பக்கத்து வெள்ளைச் சோளத்தை வறுத்துப் பார்லியோடு சேர்த்து. முதலாளிக்கு அதில் நம்பிக்கை இல்லை. "சோளத்தில் பாக்ரி ரொட்டி தட்டலாம், பீர் வருமா?" என்பார். ஊரிலுள்ள சின்ன பீர்க்காரர்கள் எல்லாரும் ஒரே மைதானத்தில் கூடும் நாள் ஒன்று வந்துகொண்டிருந்தது. அதில் இந்தச் சோள பீரை வைக்க அவர் பாதி மனசோடு ஒத்துக்கொண்டார். நன்றாக வந்தால் இனி அவள் இஷ்டத்துக்குச் செய்யலாம், இல்லாவிட்டால் பழைய வகைகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று பேச்சு.

நடுவில் ஆயுதபூஜை வந்தது. "நம்மூர்ல லேத்துப் பட்டறைல இருந்து மில்லு வரைக்கும் பூசை போடுவாங்கல்லங்கம்மா. நம்ம டேங்குக்கும் போட்டுறலாமுங்க" என்றாள். அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. தோட்டா ஃபேக்டரிக்காரர் மனைவிக்கு ஆயுதபூஜை சொல்லித் தர வேண்டுமா? டேங்குகளுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டு, ஒரு தட்டு நிறையக் கட்டிக் கர்ப்பூரம் ஏற்றினேன். முதலாளியும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மீந்த கர்ப்பூரத்தைக் குப்பையில் போட மனசு வரவில்லை. சாமி சாமான். பொட்டலமாக மடித்து, டேங்குக்குப் பக்கத்தில் இருந்த இரும்பு அலமாரியின் கீழ்த் தட்டில் வைத்துவிட்டு வந்தேன். அந்தத் தட்டில் புது வாஷர்களைப் போட்டு வைத்திருந்த மூடியில்லாத டப்பா ஒன்று இருந்தது. வாஷர் என்றால் குழாய் மூட்டுகளில் பீர் ஒழுகாமல் இருக்கப் போடும் ரப்பர் வளையம். அதை நான் பார்த்தேன், யோசிக்கவில்லை.

சில வாரம் கழிந்து, மைதானத்து நாளுக்கு நாலு நாள் இருக்கும்போது, காலையில் வேலைக்குப் போனால் அந்தப் பெண் ஒரு கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருக்கிறாள். முன்னால் ஒரு கிளாஸ் பீர், தொடாமல் இருக்கிறது.

"இன்னாமா ஆச்சு? மூஞ்சி ஏன் இப்பிடி கீது?"

"கெட்டுப்போச்சுங்கம்மா. மருந்து வாசம் வருது. காத்துல இருந்து ஏதோ காட்டு ஈஸ்ட்டு உள்ள பூந்திருச்சாட்ட இருக்குது. மூணு நாளா பாக்கறேன், போகவே மாட்டேங்குது. பன்னெண்டு மணிக்கு மொதலாளி வந்து கொட்டச் சொல்லீருவாரு."

"அவ்ளோவுமா?"

"டேங்க் மொத்தமுந்தானுங்க. இனிமேட்டு சோளமுன்னு நான் வாயத் தொறக்க முடியாது."

ஈஸ்ட் என்பது மாவைப் புளிக்க வைப்பது மாதிரி பீரைப் புளிக்க வைப்பது. தப்பான ஈஸ்ட் புகுந்தால் பீரில் ஆஸ்பத்திரி வாசனை வரும் என்று அவளே ஒரு நாள் சொல்லியிருக்கிறாள். அதனால் அவளுக்கு வேறு சந்தேகமே வரவில்லை. நான் கிளாஸை எடுத்து அரை மூச்சு வைத்தேன்.

கர்ப்பூரம்.

அலமாரியில் நான் வைத்த பொட்டலம் ஞாபகம் வந்தது. ஆனாலும் ஒரு ஆசை, நான் நினைத்தது இல்லாமல் இருக்கட்டும் என்று. கழுவி வைத்த காலி கிளாஸ்களை மோந்தேன். சுத்தம். "குழாயெல்லாம் எப்போ மாத்தினே?" என்று கேட்டேன். போன வாரம் எல்லா மூட்டிலும் புது வாஷர் போட்டதாகச் சொன்னாள், டேங்கிலிருந்து ருசி பார்க்கும் சின்னக் குழாயிலும்கூட. அவள் போன் பேச வெளியே போனாள். நான் அலமாரியைத் திறந்தேன். பொட்டலம் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. பக்கத்து டப்பாவில் மீதி வாஷர்கள். ஒன்றை எடுத்து மோந்தேன். கோயில் மாதிரி மணத்தது. ரப்பர் அந்த வாசனையைக் குடித்து வைத்திருந்தது.

இப்போது நான் எழுதப் போவது என் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியாது. அந்தப் பொட்டலத்தை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டேன். கிளாஸ் கழுவப் போய்விட்டேன்.

பத்து, பன்னிரண்டு கிளாஸ் கழுவியிருப்பேன். யாருக்கும் தெரியப் போவதில்லை. காட்டு ஈஸ்ட் என்று அவளே முடிவு செய்துவிட்டாள். கம்பெனியில் அத்தனை வருஷம் என் பெஞ்சிலிருந்து ஒரு தப்பு போனதாக யாரும் சொன்னதில்லை, இந்த வயதில் அந்தப் பேரைக் கெடுத்துக்கொள்ள வேண்டுமா என்று ஓடியது மனசு. துடைத்த கிளாஸை மோந்து பார்த்தால் கர்ப்பூரம். மூக்கைச் சரி செய்ய முழங்கை மடிப்பை மோந்தேன். அங்கேயும் கர்ப்பூரம். என் உடம்பே அந்த வாசனையாக இருந்தது.

முதலாளி வந்துவிட்டார். வரும்போதே இந்தியில், "என்ன டாக்டரம்மா, ஆஸ்பத்திரி திறந்துவிட்டீர்களா? சீட்டு யாரிடம் வாங்க வேண்டும்?" என்றார். அவர் டேங்கைப் பார்த்தார். கேலி போய்விட்டது. "சரி, திறந்துவிடு. சோளக் கூத்து இதோடு முடிந்தது."

அவள் ஹோஸைக் கொண்டுவந்து சாக்கடை வாயில் போட்டாள். நான் நாலு பேர் நடுவில் வாய் திறப்பவள் இல்லை. ஆனாலும் எப்படியோ போய், இடுப்பிலிருந்த பொட்டலத்தை எடுத்து முதலாளிக்கு முன்னால் மேஜைமேல் வைத்தேன்.

"சாஹேப், கொட்டாதீங்க. பீர்ல தப்பு இல்ல. தப்பு என்னுது" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன்.

"காய் ஜாலா, மாவ்ஷி?" என்றார். என்ன ஆச்சு என்று அர்த்தம்.

வாஷர் டப்பாவை எடுத்து நீட்டினேன். அவர் மோந்து பார்த்து மூக்கைச் சுளித்தார். அவள் பிடுங்கி மோந்தாள். பிறகு மேஜைமேல் இருந்த பொட்டலத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"வாஷரில் வாசனை இருக்கிறது, சரி. பீரும் கெட்டிருந்தால்?" என்றார் முதலாளி. அது நியாயமான கேள்வி. புது வாஷர் போட்ட எந்தக் குழாயிலிருந்து எடுத்தாலும் கர்ப்பூரம்தான் வரும், எப்படித் தெரிந்துகொள்வது? அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு ஏணியை இழுத்து டேங்கில் சாய்த்தாள். மேல் மூடியில் பழைய வாஷர்தான் இருக்கிறது, கொட்டப் போகிற பீர்தானே, மூடியைத் திறந்தால் நஷ்டம் என்ன என்றாள். அடைந்திருந்த காற்றை வெளியே விட்டு, மூடியைத் திறந்து, ஒரு ஸ்டீல் சொம்பால் மொண்டுகொண்டு இறங்கினாள். யாரிடமும் கொடுக்காமல் நேராக என்னிடம் நீட்டினாள்.

நான் முதலில் வெளியே போய் கையை முழங்கை வரைக்கும் வெறும் தண்ணீரில் கழுவிக்கொண்டு, கொஞ்ச நேரம் தெருக்காற்றில் நின்றுவிட்டு வந்தேன். முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பார்க்கட்டும். மூக்கை அவசரப்படுத்த முடியாது. பிறகு அரை மூச்சு. இன்னொரு அரை மூச்சு. தோசைக்கல்லில் சோளரொட்டி ஓரம் கருகும்போது வருமே அந்த வாசனை, அதற்குப் பின்னால் வைக்கோல் மாதிரி ஒன்று. வேறு ஒன்றும் இல்லை.

"சுத்தம்" என்றேன்.

அவள் ஒரு வாய் குடித்தாள். முதலாளி ஒரு வாய் குடித்தார். பிறகு இன்னொரு வாய் குடித்தார். காலால் ஹோஸைச் சாக்கடையிலிருந்து தள்ளிவிட்டார்.

அவள் என்னிடம் திரும்பினாள். கோபம்தான். "மூணு நாளா நான் ஒழுங்கா சோறு திங்கலீங்கம்மா. என்ர கையே சரியில்லையோன்னு இருந்துச்சுங்க." நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு அவளே கேட்டாள். "அதையத் தூக்கி வெளிய வீசீருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதுங்களே?"

"வீசிடலாம்னுதாம்மா இடுப்புல சொருகினேன்" என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிஜமாகவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முதலாளிக்கு இந்தியில் சொன்னாள், அவரும் சிரித்தார். "மாவ்ஷி, இதற்குத் தண்டனை உண்டு. இனிமேல் இந்தக் கடையில் ஒரு வாஷர், ஒரு ஹோஸ், ஒரு மூடி மாட்டுவதானாலும் உங்கள் மூக்கைத் தாண்டித்தான் மாட்ட வேண்டும்" என்றார். தண்டனை என்றுதான் சொன்னார். எனக்கு அப்படிக் கேட்கவில்லை.

அன்றே வாஷரெல்லாம் புதிதாக வாங்கி, நான் ஒவ்வொன்றாக மோந்து கொடுத்து, அவள் மாட்டினாள். மைதானத்து நாளில் காலையிலேயே கூட்டம். சோள பீருக்கு முன்னால் வரிசை நின்றது. யாரோ ஒருவர், தமிழ்க்காரர்தான், "இதுல என்னங்க ஸ்பெஷல்?" என்று அவளைக் கேட்டார். "கர்ப்பூரம் இல்லாததுதானுங்க ஸ்பெஷல்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் கிளாஸைத் துடைத்தபடி வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். முதலாளி ஒரு பீப்பாய் காலியானதும் இன்னொன்றைத் தானே உருட்டிக்கொண்டு வந்தார். அடுத்த மாதம் என்ன செய்யலாம் என்று அவளிடம் அங்கேயே கேட்டார். கம்பு என்றாள்.

மைதானத்தில் இந்த ஊர் பீர் வரலாறு என்று படங்கள் மாட்டியிருந்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள், மரப் பீப்பாய்கள், பெரிய மெஷின்கள், பக்கத்தில் சட்டைக்காரர்கள். எல்லாம் பார்த்தேன். பாட்டில் மோந்த பெஞ்சு அதில் இல்லை. வருத்தமில்லை, யாரும் எங்களைப் படம் எடுத்ததில்லை. இங்கே எழுதிவிட்டேன், போதும்.

இதைச் சரிபார்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெள்ளைக்காரப் பட்டாளத்துக்கு பீர் காய்ச்சிய இடம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்று படத்தின் கீழே எழுதியிருந்தது. கட்கியில் பெரியவர்கள் இந்தப் பக்கம் என்பார்கள். எது சரி என்று யாராவது விசாரித்துப் போடுங்கள். எங்கள் பெஞ்சில் எட்டுப் பேரா ஒன்பது பேரா என்பதும் நிச்சயமில்லை. பீர் செய்கிற முறையில் தப்பாக எழுதியிருந்தால் அந்தப் பெண்ணைக் கேட்டுத் திருத்திவிடுங்கள். பொட்டலத்தை இடுப்பில் சொருகியதை மட்டும், வயதானவள் மரியாதைக்கு என்று எடுத்துவிட வேண்டாம். அது நடந்தது.